அம்மன் அவிழ்த்துவிட்ட பூச்சி

நியூசிலாந்தின் தென்தீவில் குயின்ஸ்டவுன் என்ற ஊருக்கும் மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற இடத்துக்கும் மேப்பில் அடிக்கோல் வைத்து அளந்தால் சுமார் 70 கிலோமீட்டர்தான். பஸ் போகிற தூரம் ஏறக்குறைய 290. நடுவே மலை நிற்கிறது. அதுவும் ஒன்றிரண்டல்ல, பரம்பரை பரம்பரையாக நிற்கிறது. ஆகவே பஸ் முதலில் தெற்கே போய், மேற்கே திரும்பி, யோசித்துவிட்டு வடக்கே ஏறி, கடைசியில் கிளம்பிய ஊருக்கு அந்தப்புறத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. போக ஐந்து மணி நேரம், வர ஐந்து மணி நேரம். நடுவில் படகில் இரண்டு மணி நேரத்துக்கும் குறைவு. இதற்குப் பெயர் ஒருநாள் உல்லாசப் பயணம்.

குறுக்கு வழி சொன்னவர்கள் இல்லாமல் இல்லை. பதினோரு கிலோமீட்டருக்குச் சுரங்கம் குடைகிறோம் என்று ஒரு கம்பெனி வந்தது. 2013-ல் மந்திரி கைவிரித்தார். காட்டுக்குள் மோனோரயில் விடுகிறோம் என்று இன்னொன்று வந்தது. 2014-ல் அதற்கும் அதே கை. தேசியப் பூங்காவைக் கெடுக்கக் கூடாது என்பது அரசாங்கத்தின் நியாயம். மோனோரயில் வந்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று பஸ் ஓட்டுநரிடம் கேட்டேன். தனக்கு வேலை இருந்திருக்காது என்று சுருக்கமாகச் சொன்னார்.

வழிநெடுக ஓட்டுநர்தான் சரித்திர வாத்தியார். ஏரி வந்தால் ஆழம், மலை வந்தால் உயரம், சிலை வந்தால் தியாகம் என்று மைக்கில் ஒப்பித்துக்கொண்டே வருவார். அவர் கதையில் வருகிற எல்லாருமே வீரர்கள். கொஞ்சம் சுரண்டிப் பார்த்தால் சாயம் வேறாகத் தெரிகிறது. இருநூற்றைம்பது வருஷமாக இந்தப் பக்கம் வந்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒன்றை வாரிக்கொண்டு போகத்தான் வந்தார்கள். வாரிக்கொண்டு போனது பெரும்பாலும் ஜலதோஷம்.

முதல் வரவு கேப்டன் ஜேம்ஸ் குக். ஐரோப்பியரில் என்று சேர்த்துக்கொள்ள வேண்டும். பூர்வகுடிகளான மாவோரிகள் அதற்கு வெகுகாலம் முன்பே பச்சைக்கல் தேடி மலை தாண்டி வந்து, வேண்டியதை எடுத்துக்கொண்டு போயிருந்தார்கள். ஆனால் அவர்கள் டைரி எழுதவில்லை. சரித்திரத்தில் இடம் பிடிக்க வந்தால் மட்டும் போதாது.

1770 மார்ச்சில் குக்கின் எண்டவர் கப்பல் இந்தக் கரையோரமாக வடக்கே போனது. கரை முழுக்க ஃபியோர்டுகள். பனியாறுகள் மலையைக் குடைந்துவிட்டுப் போன பள்ளத்தில் கடல் புகுந்து குடியேறிய இடம்தான் ஃபியோர்டு. ஒன்றின் வாயைப் பார்த்த குக்குக்கு மனசு ஒப்பவில்லை. உள்ளே போகக் கச்சான் காற்று போதும், திரும்பி வரக் கொண்டல் வேண்டும், கொண்டல் இந்தப் பக்கம் எப்போதாவதுதான் வீசும். கப்பலில் இருந்த ஜோசப் பேங்க்ஸ் என்ற பணக்காரத் தாவரவியலாளர் செடி பறிக்க இறங்கியே தீருவேன் என்று அடம் பிடித்தார். குக் மசியவில்லை. பேங்க்ஸுக்கு அந்தக் கோபம் நெடுநாள் ஆறவில்லை. குக் அந்த இடத்துக்குச் சந்தேகத் துறைமுகம் என்று பெயர் எழுதிவிட்டு நடையைக் கட்டினார். இன்றைக்கு அதுவும் ஒரு சுற்றுலாத் தலம். பஸ், படகு எல்லாம் உண்டு. ஒரு மனிதர் உள்ளே போகாமல் விட்டதற்கே ஒரு டூர் பாக்கேஜ் கிடைத்திருக்கிறது.

சந்தேகப்பட்டுவிட்டு மேலே போனவர் மில்ஃபோர்ட் சவுண்ட் என்ற ஃபியோர்டைக் கவனிக்கவே இல்லை. அதன் வாசல் கடலிலிருந்து பார்த்தால் மலையோடு மலையாக மறைந்து கிடக்கும். பசிபிக் சமுத்திரத்தையே காகிதத்தில் இறக்கிய மகான், நாட்டின் மிகப் பிரபலமான காட்சியைத் தாண்டிப் போய்விட்டார். 1773-ல் மறுபடி வந்தபோது இன்னும் தெற்கே டஸ்கி சவுண்டில் ஐந்து வாரத்துக்கு மேல் தங்கினார். ரிமு மரத்தின் கொழுந்தையும் மானுகா இலையையும் வெல்லப்பாகில் ஊறப்போட்டு பீர் காய்ச்சினார். மாலுமிகளுக்கு ஸ்கர்வி வராமல் தடுக்க என்று காரணம் சொன்னார். நியூசிலாந்தின் முதல் பீர் இப்படித்தான் மருந்துக் கணக்கில் வந்தது. அங்கே கடித்த சின்னக் கறுப்புப் பூச்சிகளைப் பற்றியும் புலம்பி எழுதி வைத்தார். சாண்ட்ஃப்ளை என்கிற அந்தப் பூச்சியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கதாநாயகி அவள்தான்.

தே அனாவ் ஊரில் பஸ் டீ குடிக்க நிற்கிறது. ஏரிக்கரையில் குவின்டின் மெக்கின்னன் சிலையாக நிற்கிறார். 1888-ல் இந்த ஏரிப்பக்கமிருந்து காடு வெட்டிக்கொண்டே போய், மில்ஃபோர்டுக்குக் கால்நடையாகப் போகும் கணவாயைக் கண்டுபிடித்தவர். பச்சைக்கல் சுமந்து மாவோரிகள் போய்வந்த பக்கம்தான் அது. ஆனாலும் கண்டுபிடிப்பு கண்டுபிடிப்புதான். பிறகு அவரே வழிகாட்டியாகி, நடந்து வந்த சுற்றுலாக்காரர்களுக்குச் சமைத்தும் போட்டார். அவருடைய விசேஷப் பதார்த்தம் பொம்பலோனா என்ற ஒரு பொரித்த பண்டம். பொரிக்க எண்ணெய் இல்லாத காட்டில், ஆட்டுக்கொழுப்பில் செய்த மெழுகுவர்த்தியை உருக்கிக்கொண்டாராம். விளக்கை அணைத்துவிட்டுச் சாப்பிட்டார்களா, சாப்பிட்டதால் விளக்கு அணைந்ததா என்று தெரியாது. அந்தப் பாதையில் ஒரு விடுதிக்கு இன்றும் பொம்பலோனா என்றுதான் பெயர். மெக்கின்னன் 1892-ல் இதே ஏரியில் பாய்மரப் படகோடு மூழ்கிப் போனார்.

அவர் போட்ட பாதைக்கு உலகத்திலேயே சிறந்த நடைப்பாதை என்று விளம்பரத்தில் போடுகிறார்கள். அது நிபுணர் குழு எதுவும் கூடி எடுத்த முடிவு அல்ல. 1908-ல் பிளாஞ்ச் பாகன் என்ற கவிஞர் லண்டன் ஸ்பெக்டேட்டர் பத்திரிகைக்கு ஒரு கட்டுரை அனுப்பினார். குறிப்பிடத்தக்க ஒரு நடை என்பதுபோல அடக்கமாகத் தலைப்பு வைத்திருந்தார். பத்திரிகை ஆசிரியருக்கு அது சப்பென்று இருந்தது; உலகிலேயே சிறந்தது என்று மாற்றிவிட்டார். நூறு வருஷத்துக்கு மேலாக அந்த ஆசிரியர் கைவண்ணத்தில்தான் வியாபாரம் ஓடுகிறது. எடிட்டர்கள் சாதித்ததாக நான் அறிந்த ஒரே பெரிய காரியம் இது.

தே அனாவைத் தாண்டினால் வழியில் கடை கிடையாது, பெட்ரோல் பங்க் கிடையாது, செல்போனும் தூங்கிவிடும். எக்லின்டன் பள்ளத்தாக்கில் இரண்டு பக்கமும் செங்குத்துச் சுவர், நடுவே மஞ்சள் புல்வெளி. அதற்குமேல் பனிச்சரிவு அபாயம், வண்டியை நிறுத்தாதே என்ற பலகைகள். நிறுத்தினால் என்ன ஆகும் என்று பலகையில் எழுதவில்லை; பக்கத்துச் சரிவில் சுத்தமாக வழித்து எடுக்கப்பட்ட காட்டைப் பார்த்தால் புரியும்.

பிறகு பஸ் ஒரு கல்சுவரின் முன்னால் வந்து முட்டி நிற்கிறது. 1889-ல் வில்லியம் ஹோமரும் ஜார்ஜ் பார்பரும் இந்தச் சுவரின் உச்சியில் ஏறி நின்று பார்த்தார்கள். மேலே ஏறி இறங்க முடியாது, துளை போட்டுவிடலாமே என்று ஹோமர் யோசனை சொன்னார். அரசாங்கம் அந்த யோசனையை உடனே பரிசீலித்து, 46 வருஷத்தில் வேலையைத் தொடங்கியது. 1935. உலகப் பொருளாதார மந்தம். வேலையில்லாதவர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். ஐந்து பேரிடம் கடப்பாறையும் மண்வெட்டியும் தள்ளுவண்டியும் கொடுத்து, இதோ கருங்கல், அந்தப் பக்கம் கடல் என்று காட்டிவிட்டார்கள்.

அவர்கள் கூடாரத்தில் தங்கினார்கள். குளிர்காலத்தில் வெயில் எட்டிப் பார்க்காத பள்ளம் அது. சுரங்கம் பத்துக்கு ஒன்று என்ற சரிவில் கடலை நோக்கிக் கீழே இறங்குகிறது, தோண்டியதோ மேட்டுப்பக்கமிருந்து. பனி உருகிய தண்ணீர் பாறை இடுக்கு வழியாக ஒழுகி, நேரே தோண்டுகிறவன் காலடியில் போய்த் தேங்கும். மணிக்கு 40,000 லிட்டர் இறைத்துக்கொண்டே தோண்டினார்கள். 1936-லும் 1937-லும் பனிச்சரிவு வந்து மூன்று பேரைக் கொன்றது. இந்த இடம் வரும்போது மட்டும் ஓட்டுநர் ஜோக் அடிப்பதில்லை.

1940-ல் துளை அந்தப்பக்கம் தெரிந்தது. சந்தோஷப்படுவதற்குள் யுத்தம், வேலை நின்றது. 1945-ல் இன்னொரு பனிச்சரிவு வந்து கிழக்கு முகப்பை நொறுக்கிவிட்டுப் போனது. 1953-ல் ஒருவழியாக முடித்து, அடுத்த வருஷம் திறந்தார்கள். 1.2 கிலோமீட்டர் சுரங்கத்துக்கு ஏறக்குறைய இருபது வருஷம். உள்ளே பூச்சு வேலை கிடையாது; உளி பட்ட கருங்கல் அப்படியே தெரிகிறது, தண்ணீர் அப்படியே சொட்டுகிறது. மில்ஃபோர்டில் வேலை பார்க்கும் இளவட்டங்கள் இந்தத் தியாகபூமியை வேறுவிதமாகக் கொண்டாடுகிறார்கள். ஆண்டுக்கொரு முறை ஏப்ரல் இரவில், காலில் ஷூவும் தலையில் விளக்கும் மட்டும் அணிந்து, மற்றபடி பிறந்த மேனியோடு சுரங்கத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு ஓடுகிறார்கள். கடப்பாறை பிடித்த ஐவர் பார்த்தால், இதற்காகவா தோண்டினோம் என்று கேட்டிருப்பார்கள். அல்லது கூட ஓடியிருப்பார்கள்.

சுரங்க வாசலில் சிக்னல் சிவப்பாக இருந்தது. ஒரே நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போகலாம். அந்த இடைவெளியில் பஸ்மேல் வந்து உட்கார்ந்தது கியா. உலகத்தில் பனிமலையில் வாழும் ஒரே கிளி. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே, என் மூக்குக்கு நேராக, தலைகீழாகத் தொங்கியபடி ரப்பர் விளிம்பைப் பரிசோதித்தது. பாசிப்பச்சை உடம்பு, இறக்கைக்கு அடியில் ஆரஞ்சு, குறடு மாதிரி வளைந்த மேல்அலகு. ரப்பரை ஒரு இழை உருவியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தது. ஆட்சேபணை இல்லை என்று தெரிந்ததும் அடுத்த இழையை உருவியது. ஓட்டுநர் ஹாரன் அடித்தார். அதற்குப் பாட்டுப் பிடிக்கும் போலிருக்கிறது, நண்பனையும் கூப்பிட்டுக்கொண்டது.

கியாவின் பக்கமும் நியாயம் உண்டு. ஆடுகளைக் கொத்துகிறது என்று பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே அதன் தலைக்குப் பணம் வைத்தார்கள். ஒன்றரை லட்சம் கியா வரை கொன்றிருப்பார்கள் என்று கணக்கு. 1986-ல்தான் முழுப் பாதுகாப்பு கிடைத்தது. ஒன்றரை லட்சம் சொந்தக்காரர்களுக்கு ஈடாக நாலு வைப்பரும் கொஞ்சம் ரப்பரும் கேட்டால் அதிகம் இல்லை. இங்கே சாலை வேலைக்கு வைத்த டிராஃபிக் கூம்புகளை நடுரோட்டுக்கு இழுத்துப் போட்டு வண்டிகளை நிறுத்தவும் பழகிக்கொண்டது. அரசாங்கம் அபராதம் போட முடியுமா? பொழுதுபோக்க ஏணியும் ஊஞ்சலுமாக ஒரு உடற்பயிற்சிக்கூடம் கட்டிக் கொடுத்தது. பழிவாங்கப் போராடி ஜிம் வாங்கிய ஒரே பறவை.

சுரங்கத்துக்கு இந்தப்பக்கம் வெயில் இருந்தது, அந்தப்பக்கம் மழை. வருஷத்துக்கு ஆறு மீட்டருக்கு மேல் பெய்கிறது. ஒருவர் தோள்மேல் ஒருவராக மூன்று பேர் நின்றாலும் மேலே இருப்பவருக்கும் மூச்சு முட்டும். மழை வந்தால்தான் அழகு என்று சுற்றுலாத் துறை சொல்லும். விற்கிற சரக்கு அது ஒன்றுதான் என்பதால் அப்படிச் சொல்கிறார்கள் என்று நினைத்தேன், உண்மையிலேயே அப்படித்தான். செங்குத்துப் பாறையில் ஆயிரம் இடத்தில் அருவி முளைத்துவிடுகிறது. சில அருவிகள் பாதி வழியில் காற்றில் சிக்கி, தரைக்கு வராமலே திரும்பி மேலே போகின்றன.

படகு கிளம்பியது. பதினைந்து கிலோமீட்டர் நீளம், இரு மருங்கும் வானம் முட்டும் கல். தண்ணீரிலிருந்து 1,600 மீட்டருக்கு மேல் ஒரே மூச்சில் எழுந்து நிற்கிறது மைட்டர் சிகரம். பிஷப்பின் தொப்பி போல இருக்கிறது என்று இந்தப் பெயரை வைத்தார்கள். 1911-ல் ஜிம் டென்னிஸ்டன் என்பவர் தன்னந்தனியாக ஏறிவிட்டு வந்து சொன்னார், யாரும் நம்பவில்லை. செல்ஃபி இல்லாத காலம். 1914-ல் அடுத்து ஏறியவர்கள் உச்சியில் அவர் அடுக்கிய கல்குவியலையும் அதில் அவர் வைத்த கைக்குட்டையையும் பார்த்த பிறகுதான் மானம் தப்பியது. மூன்று வருஷம் ஒருவருடைய நாணயத்துக்குக் கைக்குட்டை ஜாமீன் நின்றிருக்கிறது.

இந்த இடத்துக்கு மில்ஃபோர்ட் என்று பெயர் வரக் காரணம் ஜான் குரோனோ. வேல்ஸ் தேசத்து ஆள். சொந்த ஊர்ப்பக்கத்துத் துறைமுகத்தின் நினைவில் பெயர் சூட்டினார். பாசம் ஊர்மேல், கவனம் சீல்களின் தோல்மேல். அவரும் அவர் காலத்து வேட்டைக்காரர்களும் தோலுக்காக அடித்த அடியில் இந்தக் கரையில் சீல் இனமே ஏறக்குறைய அற்றுப்போயிற்று. சீல் தீர்ந்ததும் வேட்டைக்காரர்களும் தீர்ந்தார்கள். இப்போது சீல்கள் திரும்பி வந்துவிட்டன. படகு பாறையை ஒட்டி நின்றதும் எல்லாரும் ஒரு பக்கமாகக் குவிந்து கேமராவை நீட்டினார்கள். அவற்றில் ஒன்று ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது, கொட்டாவி விட்டது, புரண்டு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது.

அருவிகளுக்குப் பெயர் வைத்த கதை இன்னும் ஜோர். 1871-ல் கவர்னர் ஜார்ஜ் போவன் எச்.எம்.எஸ். கிளியோ கப்பலில் ஃபியோர்டுகளைப் பார்க்க வந்தார். கவர்னரின் மனைவி பெயரில் லேடி போவன் அருவி. இன்றும் ஊருக்குத் தண்ணீரும் மின்சாரமும் அந்த அம்மாள் உபயம். கப்பலின் கேப்டன் ஸ்டிர்லிங். இன்னொரு ஃபியோர்டான பிளை சவுண்டில் கவர்னரோடு சேர்த்துக் கப்பலைப் பாறையில் ஏற்றிவிட்டார். அவர் பெயரில் 150 மீட்டர் உயரத்துக்கு ஒரு அருவி. நம் படகோட்டி அதன் அடியில் மூக்கைக் கொண்டுபோய் நுழைத்து, இதில் நனைந்தால் பத்து வயது குறையும் என்று ஒலிபெருக்கியில் அறிவித்தார். நனைந்தோம். எல்லாரும் இறங்கும்போது ஏறியதைவிடப் பத்து வயது கூடியவர்களாகத்தான் இருந்தார்கள்.

ஃபியோர்டில் மேலே மிதப்பது மழைத்தண்ணீர், அடியில் உப்புத்தண்ணீர். மலைக்காட்டு இலைச் சாயம் இறங்கி மேல்தண்ணீர் டிகாக்ஷன் நிறத்தில் இருப்பதால் வெளிச்சம் உள்ளே போகாது. ஆழ்கடலில் வாழ வேண்டிய கரும்பவளம், ஆழத்துக்கு வந்துவிட்டதாக நம்பிப் பத்து மீட்டரிலேயே வளர்கிறது. கரும்பவளம் உயிரோடு இருக்கும்போது வெள்ளையாக இருக்கும் என்பது கூடுதல் தகவல். இந்த ஊரில் எதையும் பெயரை வைத்து நம்பக்கூடாது.

எல்லாரும் வந்து போன இடத்தில் ஒருவர் மட்டும் தங்கினார். டொனால்ட் சதர்லாண்ட், ஸ்காட்லாந்துக்காரர். சிப்பாய், தங்கம் தோண்டி, சீல் வேட்டைக்காரர் என்று எல்லா வேலையும் பார்த்து அலுத்து, 1877-ல் ஒரு திறந்த படகில் ஒரு நாயோடு வந்து இறங்கினார். மூன்று குடிசை கட்டி, மில்ஃபோர்ட் மாநகரம் என்று பெயர் சூட்டினார். மக்கள்தொகை அவர். எதிர்க்கட்சி நாய்.

1880-ல் ஜான் மக்கே என்ற கூட்டாளியோடு தங்கம் தேடிக் காட்டுக்குள் போனார். வழியில் ஓர் அருவி. யார் பெயர் வைப்பது என்று காசு சுண்டிப் பார்த்தார்கள். மக்கே ஜெயித்து, மக்கே அருவி என்று வைத்துக்கொண்டார். அடுத்த அருவி உனக்கு என்று பெருந்தன்மையாகச் சொல்லியும்விட்டார். சில நாள் கழித்து வந்தது அடுத்த அருவி: 580 மீட்டர், மூன்று தாவலில். மக்கேயின் அருவியை இன்றைக்கு அந்தப் பக்கம் நடப்பவர்கள் போகிற போக்கில் பார்க்கிறார்கள். சதர்லாண்ட் அருவியைப் பார்க்க விமானம் ஏறி வருகிறார்கள். சதர்லாண்ட் அதோடு நிற்கவில்லை. உலகத்திலேயே உயரமான அருவி என்று அடித்துவிட்டார். 1888-ல் சர்வே ஆட்கள் வந்து அளந்து, உயரத்தைத் தரைக்குக் கொண்டுவந்தார்கள்.

1890-ல் எலிசபெத் என்ற விதவையை மணந்துகொண்டார். பன்னிரண்டு அறையோடு ஒரு விடுதி எழுந்தது. அந்த அம்மாள் சமைத்தார், படுக்கை விரித்தார், கணக்கு எழுதினார். சதர்லாண்ட் விருந்தாளிகளை முறைத்தார். தார்ரோட்டில் நடந்து பழகிய பட்டணத்துப் பிராணிகள் என்பது வந்தவர்களைப் பற்றி அவர் கருத்து. கூட்டம் வேண்டாம் என்று உலகத்தின் ஓரத்துக்கு ஓடி வந்தவர், கூட்டத்துக்குச் சோறு போட்டுக் காலம் தள்ளினார். 1919-ல் இறந்தபோது அந்த அம்மாள் மட்டும்தான் கூட இருந்தார். தனியாளாகத் தூக்க முடியாமல், ஏதாவது ஒரு கப்பல் வந்து மாலுமிகள் இறங்கும்வரை அடக்கத்துக்குக் காத்திருந்தார். நாற்பது வருஷத்துக்கு மேல் தங்கிக் காட்டியவருக்கு அந்த ஊர் கொடுத்தது ஆறடி நிலம், அதுவும் தாமதமாக.

இவ்வளவும் ஏன் என்பதற்கு மாவோரிகளிடம் பதில் இருக்கிறது. தூ-தெ-ரகி-ஃபானோவா என்ற தெய்வம் மந்திரம் சொல்லிக்கொண்டே கைக்கோடாலியால் இந்த மலைகளைச் செதுக்கியது. தெற்கே தொடங்கி, போகப்போகக் கை தேறி, கடைசியில் மில்ஃபோர்டில் முழு வித்தையையும் காட்டிவிட்டது. மரணத்தின் அம்மனான ஹினே-நுய்-தெ-போ பார்க்க வந்தாள். மயங்கினாள். உடனே கவலையும் வந்தது: இவ்வளவு அழகாக இருந்தால் மனுஷன் இங்கேயே தங்கிவிடுவானே, சாக வேண்டியவன் என்பதையே மறந்துவிடுவானே. ஆகவே ஒரு பூச்சியை அவிழ்த்துவிட்டாள். அவள் அதை விட்ட இடம்தான் இன்று சாண்ட்ஃப்ளை முனை. உலகத்திலேயே சிறந்த நடைப்பாதை முடிந்து, களைத்துப்போன கூட்டம் படகுக்காகக் காத்துக்கொண்டு நிற்பதும் அதே முனையில்தான்.

அம்மன் போட்ட கணக்கு இன்றுவரை தப்பவில்லை. 2019-ல் எட்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே வந்தார்கள். நிரந்தரமாகத் தங்கியிருந்தவர்கள் நூற்றுச் சொச்சம், அதுவும் படகோட்டவும் சமைக்கவும் சம்பளத்துக்கு வந்தவர்கள். மற்றவர்களுக்கு இரண்டு மணி நேரத்தில் படகுத்துறையில் பஸ் தயார். குக் சந்தேகப்பட்டுப் போனார், குரோனோ சீல் தீர்ந்ததும் போனார், தங்கம் தேடியவர்கள் வெறுங்கையோடு போனார்கள், நாங்கள் சொறிந்துகொண்டே போனோம். படகுக் கம்பெனிகளைக் கழித்துவிட்டுப் பார்த்தால், மில்ஃபோர்ட் சவுண்டில் நஷ்டமே காணாத ஒரே தொழில் அந்தப் பூச்சியுடையது. கடிப்பது பெண் பூச்சி மட்டும்தான். முட்டையிட அதற்கு ரத்தம் வேண்டும். அந்த ரத்தம் தன் செலவில் டிக்கெட் வாங்கி, 290 கிலோமீட்டர் சுற்றி, வருஷத்துக்கு எட்டு லட்சம் பொட்டலமாக வாசலுக்கே வந்துவிடுகிறது.